பண்ணைவீட்டில் ஒருநாள் அப்பா

கீழத்தெரு,
திருமானூர் பக்கம்.
16.11.2003

அன்பு மகன் கலைச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் தங்கச்சி சிவரஞ்சனியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த அமெரிக்கக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும். கொள்ளிடத்தில் இந்த வருசமும் தண்ணீர் இல்லை, நடவு பாதிதான். அப்பா வைரக்கண்ணு பண்ணையில் கரும்பு வெட்டப் போகிறார், வீட்டில் இருங்கள் என்றால் கேட்பதில்லை. சிவரஞ்சனி அரியலூருக்கு பஸ்ஸில் போய் டைப் படிக்கிறாள். நலம் இவ்வளவுதான். மற்றதை எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், கோபத்தில் எழுத்து கோணுகிறது.

நீ கட்டிக்கொள்ளப் போகும் ரேச்சலின் அப்பா தை மாசம் இங்கே வருகிறார் என்று எழுதியிருந்தாய். அவர் பாதிரியார், அவர்கள் வம்சத்தில் முதன்முதலாக இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போய் அமெரிக்காவில் குடியேறியவரும் பாதிரியார், அவரிலிருந்து பன்னிரண்டு தலைமுறையையும் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள், இப்போது நம் குடும்பத்தையும் சேர்த்து மறுபடி அச்சடிக்கப் போகிறார்கள் என்றாய். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் நீ எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறதே. அங்கே உன் பேருக்குப் பின்னால் அப்பா பேர் ஒட்டிக்கொண்டதால் பிச்சைமுத்து என்பது பரம்பரைப் பேர் என்று நினைத்து, முதல் பிச்சைமுத்து யார் என்று அந்தப் பெரியவர் கேட்டிருக்கிறார். நீயும் நானூறு வருச மிராசு, மாடிவீடு என்று அளந்துவிட்டிருக்கிறாய். அந்த வீட்டைப் பார்க்கத்தான் அவர் வருகிறார். இதை நான் பண்ணை வைரக்கண்ணு மூலமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒருநாளைக்கு அவர் மாடிவீட்டை நமக்கு விட முடியுமா என்று நீ அவருக்குப் போன் செய்தாயாம். போன புதன்கிழமை அப்பாவைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வூட்டைத் தரேன் பிச்சமுத்து. ஆனா நீ அந்த நாற்காலியில உக்காந்தா அப்பறம் ஊருல எனக்கு என்ன மரியாத? வெள்ளக்காரனுக்கு உன் மூஞ்சி தெரியுமா, என் மூஞ்சி தெரியுமா? நானே அப்பனா உக்காந்துக்கிறேன். நீ பின்கட்டு வழியா வந்து காபி குடு. ஒம் மவன்கிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டான்." அப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சரிங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ராசாத்தி ஓடி வந்துவிட்டாள். அவரோ, "புள்ள நல்லாருந்தா போதும்டி, ஒரு வேளதான" என்கிறார். மறுநாள் போய் முடி வெட்டித் தாடியை மழித்துக்கொண்டு வந்தார், காபி கொடுக்கிற ஆள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பண்ணை சொன்னாராம்.

நீ சரி என்று சொன்னாயா? சொல்லியிருந்தால் அதற்கு மேலும் யோசித்துப் பார்த்தாயா? கல்யாணத்தன்று மணவறையில் அப்பா இடத்தில் யார் உட்காருவது? நாளைக்கு உன் பிள்ளை தாத்தா யார் என்று கேட்டால் வைரக்கண்ணு போட்டோவைக் காட்டுவாயா? அந்தப் புத்தகத்தில் உள்ளதை நீதானே போன கடிதத்தில் எழுதினாய். கப்பலேறிப் போன அந்த முதல் பாதிரியாரின் அப்பன் இங்கிலாந்தில் தோல் பதனிட்டவன் என்று போட்டிருக்கிறார்கள், பாதிரியார் வீட்டில் ஓர் அடிமைப் பெண் வேலை செய்ததையும் போட்டிருக்கிறார்கள். கம்பளியும் கோடாலியும் கொடுத்து அங்கிருந்த சனங்களின் நிலத்தை வாங்கிக்கொண்டதையும் மறைக்கவில்லை. கம்பளியை வாங்கிக்கொண்டு நிலத்தை விட்டவன் பேரைப் போட்டிருக்கிறதா என்று நான் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. தோலைத் தொட்டவனின் பேரன் என்று சொல்ல அவர்களுக்கு வெட்கமில்லை, கரும்பு வெட்டுகிறவன் மகன் என்று சொல்ல உனக்கு நாக்கு வரவில்லை.

முதல் பிச்சைமுத்து யார் என்று அந்தப் பெரியவர் கேட்டார் இல்லையா, அதையும் தெரிந்துகொள். அப்பாவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் பிறந்த சூட்டிலேயே போய்விட்டன. மூன்றாவதாவது தங்கட்டும் என்று உன் அப்பத்தா பச்சை உடம்போடு மேலத்தெருவில் வீடுவீடாக முறத்தை நீட்டிப் பிச்சை எடுத்தார், எமனுக்கு இது கேட்பாரற்ற பிள்ளை என்று தோன்ற வேண்டுமாம். யாரும் முறத்தைத் தொடவில்லை, தலைக்கு மேலிருந்து நொய்யைக் கொட்டினார்கள். வைரக்கண்ணுவின் அம்மா நாயை அவிழ்த்துவிட்டாள். அந்த நொய்யைக் காய்ச்சிக் குடித்துத்தான் அப்பத்தா பால் கொடுத்தார். இதுதான் நம் வம்சம், ஒரே ஒரு பிச்சைமுத்து, அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அச்சடிப்பதானால் இதை அச்சடிக்கச் சொல்.

கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறாய், தெரிகிறது. அந்தப் பெண்ணை எனக்கும் பிடித்திருக்கிறது, போட்டோவில் கண் நேராகப் பார்க்கிறது. மாடிவீட்டுக்காக உன்னைக் கட்டுகிறவள் என்றால் இப்போதே போகட்டும். அப்படிப்பட்டவள் இல்லை என்றால் நீ அவளையும் சேர்த்து அவமானப்படுத்துகிறாய். அந்தப் பெரியவர் வரட்டும், நம் தொகுப்பு வீட்டுக்கு வரட்டும், கோழி அடித்துச் சோறு போடுகிறேன். நீ முன்கூட்டியே அவரிடம் உண்மையைச் சொல்லாவிட்டால் அன்றைக்கு நானும் பண்ணைவீட்டுக்குப் போவேன், பின்கட்டு வழியாக இல்லை. சிவரஞ்சனியிடம் இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் கேட்டுப் பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். திஸ் மேன் ஈஸ் ஹிஸ் ஃபாதர். அப்பா கையில் டம்ளரோடு நிற்கும்போது அவர் தோளைத் தொட்டுச் சொல்வேன். அப்புறம் வைரக்கண்ணு எங்களுக்கு வேலை கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

பனியில் வெறுங்காலோடு நிற்காதே, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. குலசாமி உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் துணை இருக்கட்டும், நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும். இனிமேல் பண்ணைவீட்டு நம்பருக்குப் போன் போடாதே. மளிகைக்கடை நம்பர் உன்னிடம் இருக்கிறது. ஞாயிறு தோறும் காலையில் அப்பாவை அங்கே உட்கார வைக்கப் போகிறேன், எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. மணி அடித்தால் அவர்தான் எடுப்பார்.

உன் அம்மா,
பி. அமிர்தவல்லி