ஆறாம் அறுவடை

நீடாமங்கலம்,
ஆனி 14

அன்புள்ள சூர்யபிரகாஷுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம், ஃபிரிட்ஜில் நீ விட்டுப்போன பாட்டிலும் நலம். டப்ளினில் குளிரும் சமையலும் உன்னை அதிகம் படுத்தாமல் இருக்க வேண்டும். வாட்சப்பில் எழுதினால் உன் அம்மா அகிலாண்டம் படித்துவிடுவாள், அதனால் இந்த மின்னஞ்சல். வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவைக்கு நாற்றங்கால் விட்டாயிற்று, ஆனால் வயலுக்குப் போனால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜ் நினைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

தையில் வந்தபோது நீ வீட்டிலேயே பீர் காய்ச்சுவதையும், அடியில் தங்கும் ஈஸ்டை எடுத்து அடுத்த தடவைக்குப் போடுவதையும், ஐந்து முறை அப்படி எடுத்த வம்சம் இது என்பதையும் சொல்லி, புது நாட்டில் வீடு அமையும்வரை காப்பாற்றச் சொன்னாய். முப்பத்திரண்டு வருடம் விதைச் சான்று அலுவலராக இருந்தவனுக்கு உயிருள்ள விதையைக் கொல்ல மனம் வரவில்லை. நீ சொன்னபடியே கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுக் கலக்கி, அடிக்கசடை விட்டுவிட்டு, மேலே பால் போல நிற்பதை மட்டும் வேறு பாட்டிலில் எடுத்து, தேதியும் ஐந்தும் எழுதி நீ ஒட்டியிருந்த சீட்டையும் அதற்கு மாற்றி, மூடியை இறுக்காமல் வைத்தேன். அம்மா கேட்டதற்கு ரொட்டிக்குப் போடுவது என்றேன். முழுப் பொய் இல்லை, ஆனால் வினை அங்கேதான் ஆரம்பித்தது. சீர்காழியிலிருந்து பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்தபோது, உன் அம்மா முதல் நாளே அதில் இரண்டு கரண்டி எடுத்து ஆப்ப மாவில் கலந்திருக்கிறாள். பெண்ணின் அப்பா பஞ்சநதம் அந்த ஊர் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர், ஜாதகம் கொடுப்பதற்கு முன்பே அதைத்தான் சொன்னார். அவர் ஐந்து ஆப்பம் சாப்பிட்டார். "என்னம்மா இது, எங்க வீட்ல ஆப்பம்னா ஓரம் அப்பளம், நடுவுல களி. கொஞ்சம் உறை குடுத்து அனுப்புங்க" என்றார். உன் அம்மா தயிருக்கு உறை கொடுப்பதுபோலப் பாட்டிலையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். காரை ஓட்டி வந்ததே கலைமகள்தான், பெண். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித்தருகிறாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள், நீ ஒட்டிய சீட்டைப் படித்தாள், பிறகு என்னைப் பார்த்து, "அஞ்சாவது அறுவடையா அங்கிள்? பத்துக்கு மேல போகாதீங்க, குணம் மாறிடும்" என்றாள். அறுவடை என்பது பீர் காய்ச்சுபவர்கள் பேச்சு, நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். பஞ்சநதம் என்னம்மா என்று கேட்க, "நல்ல உறைதான்பா" என்று சொல்லிப் பாதியை வேறு பாட்டிலில் ஊற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் ஒரு தகவலும் இல்லை. அம்மா தினம் ஒரு தடவை ஜோசியரைத் திட்டுகிறாள், நான் ரயில்வே கேட் வரை நடந்துபோய்த் திரும்புகிறேன், கேட் மூடியிருந்தால் ஓர் ஆறுதல், நிற்பதற்குக் காரணம் கிடைக்கிறது. அந்தப் பெண் அப்பாவிடம் சொல்லிவிட்டாளா, சொல்லாமலே வேண்டாம் என்றுவிட்டாளா என்று இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தேன். நேற்று பஞ்சநதமே வந்தார், இங்கே சங்கக் கூட்டமாம். சீர்காழியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த பாட்டிலை என்னிடம் நீட்டினார். "மூடிய இறுக்கக் கூடாதுன்னு பொண்ணு கண்டிப்பா சொல்லிடுச்சுங்க. வழியெல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது, பக்கத்து சீட்டு ஆளு எழுந்தே போயிட்டான். உங்க உறையில பெருக்குனதாம்" என்றார். எதில் பெருக்கினாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் காபி குடித்துவிட்டு, குடியின் தீமை பற்றிப் பேசப் போய்விட்டார்.

பாட்டிலில் புதுச் சீட்டு. தேதி, அதன் கீழே ஆறு, அதற்கும் கீழே பத்து இலக்கம். அது ஏதோ ரக எண் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை, சீட்டைப் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கூப்பிட்டுப் பேசு. அவளுக்குச் சம்மதம் என்றால் நிச்சயத்துக்கு முன்பே நீ பீர் காய்ச்சுவதை அவள் அப்பாவிடம் நீயே சொல்லிவிட வேண்டும், பொய்ச் சீட்டு ஒட்டிய மூட்டை எதையும் நான் இதுவரை வெளியே விட்டதில்லை. ஐந்து ஆப்பம் விஷயத்தை மட்டும் நான் சொல்லிக்கொள்கிறேன், அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடு.

வேளைக்குச் சாப்பிடு, மனம் கோணாமல் இரு, எடுத்த காரியம் கூடிவர என் ஆசிகள். கல்லூரி விட மாலை ஐந்தாகுமாம், உங்கள் ஊரில் அப்போது மதியம் பன்னிரண்டரை, மறந்துவிடாதே.

இரண்டு பாட்டிலுக்கும் காவல் இருக்கும்
உன் அப்பா,
வைத்தியலிங்கம்