அலமாரிக்கு விட்ட அறை

பிப்ரவரி 9

மருமகள் பழைய அலமாரி ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். சமையலறைச் சாமான். மேலே கண்ணாடிக் கதவு, கீழே பலகைக் கதவு, நடுவில் மாவு பிசைய ஓர் இழுப்புப் பலகை. எந்த வீட்டிலோ பெரியவர்கள் செத்து, பிள்ளைகள் விற்றுத் தள்ளியதாம்.

சமையலறையில் வைத்தால் ஆவி பட்டு மரம் உப்பும். கூடத்தில் வெயில், பலகை வெடிக்கும். என் அறைதான் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று கடைக்காரர் வந்து பார்த்துச் சொன்னார். நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. பேசினால் இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. மகன் செய்து கொடுத்தான். "சொல்ல வேண்டியதெல்லாம் இதுகிட்ட சொல்லுங்கப்பா. எங்க உயிரை வாங்காதீங்க."

பிப்ரவரி 10

அலமாரியை அறைக்குள் தூக்க ஆள் போதவில்லை. நானும் ஒரு மூலைக்குக் கை கொடுத்தேன். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கியே வயிறு வளர்த்தவன் நான். முன்பக்கம் கனத்தது. என் மூலை, பின்காலில், கனமே இல்லை. உளுத்துப்போன மரம். உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். "மாமா, அந்தக் கையை எடுங்க. அழுக்கு ஒட்டினா பாலிஷ் போயிடும்" என்றாள், தூக்க வந்தவர்கள் முன்னால்.

எடுத்துவிட்டேன். வாயையும் மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 13

அலமாரிக்கு இனி நான்தான் ஆயா. ஈரத்துணி ஆகாது. காய்ந்த துணியால் துடைத்து, தேன்மெழுகைத் தொட்டு, மரத்தின் ரேகை போகிற பக்கமே தேய்க்க வேண்டும். ஜன்னல் திறக்கக் கூடாது. இருமல் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்.

கட்டிலை மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். என் வீட்டுக்காரி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து வாங்கின கட்டில். அவள் கடைசியாகக் கண் மூடினதும் அதில்தான். அதையாவது விட்டார்களே.

மார்ச் 21

மருமகளின் சிநேகிதிகள் அலமாரி பார்க்க வந்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "இதுல எது பழசு? பெரியவரா, அலமாரியா?"

"ரெண்டும் ஒரே வயசுதான். ஆனா இதுக்குப் பாலிஷ் ஏறுது" என்றாள் மருமகள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிங்கடி, அந்தக் காலுக்குள்ளே ஓடுகிறது பாருங்கள் ஒரு கூட்டம், அதுவும் சிரிக்கிறது.

மே 2

பூச்சி தின்ற மர மாவு விழ ஆரம்பித்துவிட்டது. பின்காலடியில் நகத்தளவு குவியல், பொடிப்பொடியாக, மஞ்சளாக. இன்னும் கொஞ்ச நாள் தின்னட்டும். மருந்து வைத்தும் பிழைக்காத அளவுக்குத் தின்னட்டும். அவள் பார்த்துவிடக் கூடாதே என்று காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அங்கே யார் பெருக்குகிறார்கள்?

மே 16

இன்றும் தள்ளினேன். எனக்கு இந்த வீட்டில் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது இப்போது.

ஜூன் 7

மெழுகு டப்பா உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. எடுக்கக் குனிந்த மருமகள் அப்படியே நின்றாள்.

"என்னங்க, இங்க வாங்க. மாமா கட்டில் உளுத்துக் கொட்டுது."

மகன் வந்து டார்ச் அடித்துப் பார்த்தான். நான் தள்ளித் தள்ளிச் சேர்த்ததெல்லாம் அங்கே ஒரு கைப்பிடி அளவுக்குக் கிடந்தது.

"இன்னைக்கே இதை வெளிய போடுங்க. அலமாரில ஏறிச்சுன்னா தாங்க மாட்டேன்."

சொல்லாமல் விட்டால் கட்டில் போகும். சொன்னால்?

சொன்னேன். கட்டிலில் ஒன்றுமில்லை, மாவு அலமாரியுடையது, தள்ளினது நான்.

"கட்டிலைக் காப்பாத்த என் சாமான் மேல பழி போடறீங்களா மாமா?"

"பின்காலை நகத்தால குத்திப் பாரும்மா."

அவள் அசையவில்லை. மகன் போய்க் குத்தினான். கட்டைவிரல் முழுக்க உள்ளே போயிற்று. பிறகு கட்டிலிடம் வந்தான். நாலு காலையும் தட்டினான், சட்டத்தைத் தட்டினான். கிண் கிண் என்றது. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"வந்த மறுநாளே."

அவள் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "பக்கத்துலயே படுத்துக்கிட்டு, தினம் மெழுகு போட்டுக்கிட்டு... எப்படி மாமா முடிஞ்சது?" என்றாள். அவனோ என்னைப் பார்க்கவே இல்லை. கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துத் தூக்கினான்.

"டேய், அதுல பூச்சி இல்லடா. நீயே தட்டிப் பார்த்தியே. உங்கம்மா கட்டில்டா."

"தெரியும்" என்றான்.

வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டு, கடப்பாரையால் பிரித்தான். தெரிந்தேதான் செய்தான். என் பிள்ளை அவன்.

ஜூன் 8

தரை.

ஜூன் 15

பூச்சி மருந்துக்காரர் வந்தார். அலமாரியில் ஒவ்வொரு ஓட்டையிலும் ஊசியால் மருந்து ஏற்றினார். உளுத்த காலை அறுத்து எடுத்து வேறு கால் பொருத்தினார். பிளாஸ்டிக் தாளால் மூடி, மூச்சு விடாதபடி கட்டினார். நாற்றம் தாங்க முடியவில்லை. "பெரியவர் எங்க படுப்பார்?" என்று கேட்டார். மருமகள் தாளின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

ஜூலை 19

தாளைப் பிரித்தார்கள். அலமாரி பிழைத்துவிட்டது. வந்தவர்களிடம் பழையபடி காட்டுகிறாள். நான் அதன் காலடியில் பாயில் கிடக்கிறேன். என்னைத் தாண்டித்தான் கதவைத் திறக்கிறார்கள். மகன் என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டு வரும், போகும்.

செப்டம்பர் 4

ராத்திரியெல்லாம் காதை மரத்தில் வைத்துக்கொண்டு கிடக்கிறேன். உள்ளே ஏதாவது கரகரவென்கிறதா? இது போனால் என்னை எங்கே வைப்பார்கள்?

நவம்பர் 12

காலையில் புதுக் காலுக்குப் பக்கத்தில் மாவு, உப்புக்கல் அளவு. பாயைச் சுருட்டக்கூட நேரம் எடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் மருமகள் அறைக் கதவைத் தட்டிச் சொன்னேன்.