அப்பாவின் சுத்தமான பாக்டீரியா

அன்புள்ள கண்ணுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் முந்நூறு கோழிகளும் நலம். அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய பாக்டீரியாவைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தீவனம் ஊறும் பீப்பாயைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். இரண்டு நாள் ஊறினால் புளித்த மாவு வாடை வரும் என்று எழுதியிருந்தாயே, எனக்கு வந்தது ஆஸ்பத்திரி வாடை. பின்னாலேயே வந்த அப்பா பெருமையாகச் சொல்கிறார், பீப்பாயைத் தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, கொதிக்கிற தண்ணியிலதான் உன் பொடியைக் கரைக்கிறாராம், என்னதான் கிருமின்னாலும் சுத்தமா இருக்கணும்ல என்று. தீவனத்தில் இருக்கும் பூசண நஞ்சைத் தின்ன வேண்டிய பாக்டீரியாவை மூன்று வாரமாக வேக வைத்திருக்கிறார் மனிதர்.

கோழிகள் பிழைத்ததே, இதுவரை வந்த மக்காச்சோளம் நல்லதாக இருந்ததால்தான். அப்பாவோ, எல்லாம் எம் பொண்ணு பாக்டீரியா செய்யிற வேலை என்று கால்நடை மருத்துவருக்கே பாடம் எடுத்துவிட்டார். அந்தத் தைரியத்தில் முந்தாநாள் ஒரு வண்டி பூசணச் சோளத்தை இறக்கியிருக்கிறார். வியாபாரியே, வேணாண்ணே, கோழி செத்தா எம்மேல பழி போடாதீங்க என்றாராம். இவர், நீ இறக்குய்யா, எம் பொண்ணு பாத்துக்குவா என்றாராம். அந்தச் சோளம் ஊறுவதை நீ அனுப்பிய சோதனைப் பட்டையில் பார்த்தேன். நஞ்சு கொஞ்சமும் குறையவில்லை. நாளைக் காலை அதைத்தான் கோழிகளுக்குப் போடுவதாக இருந்தார்.

வேதியியல் படித்த நான் மூன்று வாரமாக அந்தப் பீப்பாயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீ அவ்வளவு தூரம் போய்ப் படிப்பதன் பலன் நம் வீட்டுக் கொல்லையிலேயே தெரிகிறது என்று நம்ப எனக்கும் ஆசையாக இருந்தது போலிருக்கிறது. இப்போது நான் சொன்னால், பெத்த பொண்ணையே குறைச்சுப் பேசுறியா என்பார். போனில் உன்னிடம் சொல்லலாம் என்றால், ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு முதலில் உட்காருபவரே அவர்தான்.

அதனால் ஊறலைக் குழியில் கொட்டி மூடினேன். பத்து நாளைக்குத் தாங்கும்படி நல்ல சோளம் நாலு மூட்டையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பூசணச் சோளம் இருக்கும் கிடங்கைப் பூட்டிவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சாவியைத் தேடி அப்பா இப்போது மெத்தையைப் புரட்டிக்கொண்டிருக்கிறார், நானும் நடுநடுவே எழுந்து போய்க் கூடத் தேடுகிறேன்.

நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி நடக்கட்டும். கடிதம் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் போதும், பிளீச்சிங் வேண்டாம் என்று நீயே பக்குவமாகச் சொல். அதன்பிறகு பூட்டை நானே உடைத்துக் கொடுக்கிறேன். உறையை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே, சாவி அதற்குள்தான் இருக்கிறது.

உன் அம்மா