அம்மன் பெடாக் பூசமாட்டாள்

அக்கா,

உங்கள் கைக்குட்டை என் முன்னால் மேசைமேல் கிடக்கிறது. ஓரத்தில் பச்சை நூலால் நீங்களே தைத்த கிளி, வால் மட்டும் பெரிதாகிப்போன கிளி. மடிப்பைப் பிரித்தால் இன்னும் அந்த வாசனை வருகிறது. பெடாக் வாசனை. பக்கத்து மலாய்க் கிராமத்துக் கம்பத்துக்காரி அரிசியைப் புளிக்கவைத்து அரைத்து, மல்லிகை சேர்த்து, சின்னச் சின்ன உருண்டையாகக் காயவைத்துக் கொண்டுவருவாளே, தண்ணீரில் குழைத்து நீங்கள் கழுத்தெல்லாம் அப்பிக்கொள்வீர்களே, அதே பெடாக். பதின்மூன்று வருஷம் தகர டப்பாவுக்குள் கிடந்தும் அது போகவில்லை.

இந்தக் கடிதத்தை ‘நீ’ என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். செத்துப்போனவளுக்கு என்ன மரியாதை என்று மனசு சொல்கிறது, கை கேட்கவில்லை. பழக்க தோஷம். அதனால் ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ரெங்கம் ரப்பர் தோட்டத்துக்கு நான் வந்தபோது உங்கள் வீட்டுக்காரர் ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி, என் வீட்டுக்காரர் அவருக்குக் கீழே சின்னக் கிராணி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வாழை வரிசைதான். வந்த மூன்றாம் நாளே வேலியோரம் நின்று என் வளையலைப் பார்த்தீர்கள். “இது என்னா புள்ள, நேத்து தட்டான்கிட்ட வாங்குன மாதிரி மின்னுது?” என்றீர்கள். கல்யாணத்துக்கு அப்பா போட்டது, நானே பூந்திக்கொட்டையில் கழுவுகிறேன் என்றேன். மறுநாள் உங்கள் நகை முழுவதும் ஒரு துண்டில் முடிந்து என் அடுப்படிக்கு வந்துவிட்டது.

அப்படித்தான் தோட்டத்து நகையெல்லாம் என் கைக்கு வர ஆரம்பித்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், கூலிச் சனங்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். எனக்கு அதில் ஒரு ருசி உண்டு, அக்கா. அழுக்கைப் பார்த்தே ஆளைச் சொல்வேன். பால்வெட்டுக்குப் போகிறவளின் தோட்டில் ரப்பர் பால் காய்ந்து இழை இழையாக உரிந்து வரும். பிள்ளைக் கொட்டகை ஆயாவின் வளையலில் கஞ்சி ஒட்டியிருக்கும். உங்கள் அட்டிகையில் பெடாக். கோழி இறகின் நுனியை விட்டு நோண்டினால் வெள்ளை வெள்ளையாக வரும். “உங்க கழுத்துல மாவரைக்கலாம் அக்கா” என்று நான் கேலி செய்தால் வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள். “போடி இவளே, கழுவிட்டா எல்லாம் புதுசுதான்” என்பீர்கள். அது உங்கள் வாயில் எப்போதும் வரும் பேச்சு. பாத்திரம் கழுவினாலும் அதுதான், பிள்ளை குளிப்பாட்டினாலும் அதுதான்.

உங்கள் மகள் செல்லம் பிறந்தபோது அவளுடைய வெள்ளி அரைஞாணை விபூதி போட்டுத் தேய்த்துக் கட்டிவிட்டதும் நான்தான். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் என் மடியில்தான் வளர்ந்தாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எனக்கு யாரோ இல்லை. யாரோ ஒருத்தி செய்திருந்தால் நாலு நாள் திட்டி மறந்திருப்பேன்.

தோட்டத்துக் கோயில் அம்மன் பதக்கத்தை யார் மறப்பார்? லயத்துச் சனங்கள் ஆளுக்கொரு மூக்குத்தி, ஒற்றைத் தோடு என்று கழற்றிக் கொடுத்து உருக்கிச் செய்தது. மருதாயி தன் தாய் போட்ட தோட்டையே கொடுத்தாள். அதற்குப் பிறகு காதில் ஈர்க்குச்சியோடுதான் பால் வெட்டப் போனாள். நடுவில் புளியங்கொட்டை அளவு சிவப்புக் கல். கல்லுக்குப் பின்னால் மினுக்குத் தகடு வைத்து, அரக்கு ஊற்றி மூடிக் கட்டியிருந்தது. கோயில் தலைவர் உங்கள் வீட்டுக்காரர் என்பதால் பதக்கம் உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. திருவிழாவுக்கு முன்னால் கழுவித் தருவது என் வேலை. அம்மன் நகையில் கற்பூரக் கரியும் குங்குமமும் எண்ணெயும்தான் இருக்கும். வேறு ஒன்றும் இருந்ததில்லை.

அந்த வருஷம் நான் வருவதற்கு முன்பே பதக்கம் சட்டிக்குள் கிடந்தது. சட்டி நிறைய நுரை. “நானே ஊறப் போட்டுட்டேன் புள்ள, நீ தேய்ச்சு எடுத்துடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். கல் வைத்ததை ஊறப் போடக்கூடாது, அரக்கு விட்டுவிடும், தகடு கறுத்துவிடும் என்று உங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பதறி எடுத்தேன். கவிழ்த்துப் பிடித்து முதலில் பின்பக்கத்தையும் சங்கிலியையும் தேய்த்தேன். நுரைக்குள் விரல் வழுக்கியது. பிசுபிசுவென்று வெள்ளையாக ஏதோ கரைந்து வந்தது. மூக்குக்கிட்டே கொண்டுபோனேன்.

அம்மன் எப்போதிருந்து பெடாக் பூச ஆரம்பித்தாள்?

அப்போதே எழுந்து நின்று நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். காட்டினேனா? மடச்சி, கழுவினேன். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இறகு விட்டு, மல்துணி விட்டு, ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல் எடுத்தேன். சட்டித் தண்ணீரை எப்போதும்போல வாழை அடியில் வீசிக் கொட்டினேன். அப்புறம்தான் முன்பக்கம் திருப்பினேன். நடுவில் கல் இல்லை. குழி கண்ணைப் பிடுங்கின மாதிரி இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் நின்றவர்கள்கூட ஓடிவந்தார்கள். இரண்டு நாள் வாழை அடியைத் தோண்டினார்கள். மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தார்கள். மருதாயி நகத்தால் கிளறினாள். நீங்கள் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கல் எங்கே இருக்கிறது என்று அந்தத் தோட்டத்திலேயே உங்கள் ஒருத்திக்குத்தான் தெரியும். அத்தனை பேர் மண்ணைத் தின்பதை எப்படி அக்கா பார்த்துக்கொண்டு நின்றீர்கள்?

பஞ்சாயத்தில் சொன்னேன். “பதக்கத்துல பெடாக் இருந்துச்சு. யாரோ கழுத்துல போட்டிருக்காங்க. ஊறப் போட்டதும் நான் இல்ல.” உங்கள் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போனது, நான் பார்த்தேன். பிறகு பதக்கத்தை வாங்கி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினீர்கள். “பெடாக்கா? எங்கம்மா இருக்கு, காட்டு பாப்போம்? இவ்வளவு சுத்தமா பளபளன்னு இருக்கே!” சபை சிரித்தது. என் கைவேலையே எனக்கு எதிராக நின்று சாட்சி சொன்னது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்குக் ‘கல்லுக்காரி’ என்று பெயர். திருவிழாவில் பால்குடம் எடுக்கப் போனேன்; பூசாரி மஞ்சள் கயிறு கட்டாமல் அடுத்தவள் கையைப் பிடித்தான். லயத்துப் பெண்கள் யாரும் அதற்குப் பிறகு ஒரு திருகாணியைக்கூட என்னிடம் தரவில்லை. நீங்களும் தரவில்லை. செல்லத்தை என் வாசலுக்கு விடவில்லை. வாழை வரிசைக்கு அந்தப் பக்கம் அவள் “சின்னம்மா, சின்னம்மா” என்று அழுவாள். நீங்கள் முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போவீர்கள்.

இதையெல்லாம்கூட விடுங்கள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “எடுத்திருந்தா குடுத்துடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.” கோபமாகக் கேட்டிருந்தால் திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பேன். அன்பாகக் கேட்டார். குழம்புச் சட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அடுத்த மாசம் மாற்றல் வாங்கிக்கொண்டு கோத்தா திங்கிக்கு வந்தோம். பெயர் எங்களுக்கு முன்னால் வந்து இறங்கியிருந்தது. மறுபடி அவர் கேட்கவே இல்லை. போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். கடைசிவரை என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அக்கா, கல்லுக்குப் பதில் கல் வந்துவிட்டது. இதற்கு எதைக் கொடுப்பீர்கள்?

போன மாசம் செல்லம் வந்தாள். வாசலில் நின்ற பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கல்யாணமாகிவிட்டது, உங்கள் மூக்கு, உங்கள் நிறம். “அம்மா போயிட்டாங்க சின்னம்மா” என்று என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன், உங்களுக்காக இல்லை. பிறகு பையிலிருந்து தகர டப்பாவை எடுத்தாள். அதற்குள் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் கல்.

எல்லாம் சொன்னாள். ஜோகூர் பாருவில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். உங்கள் அட்டிகை பழசாகத் தெரியும் என்று அம்மன் பதக்கத்தை மாட்டிக்கொண்டு ரயிலேறினீர்களாம். அங்கே யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, வெந்நீரில் குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லையாம். குளித்துவிட்டுப் பெடாக் பூசினீர்களாம். அரக்கு இளகிப் பந்தியில் கல் உங்கள் மடியிலேயே விழுந்ததாம். தட்டானிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். பழியைச் சுமக்க நான் இருந்தேன்.

“கடைசியில அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

செல்லம் டப்பா மூடியைத் தடவிக்கொண்டே சொன்னாள். “சின்னம்மாகிட்ட குடு, நல்லா கழுவச் சொல்லு, யாருக்கும் தெரியாம கோயில் உண்டியல்ல போட்டுடச் சொல்லு. கழுவிட்டா எல்லாம் புதுசுதான்னாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! சாகிற வேளையிலும் உங்கள் அழுக்கைக் கழுவ ஆள் தேடியிருக்கிறீர்கள். தேடி என்னையே பிடித்திருக்கிறீர்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை உண்டா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள்.

அவள் போன பிறகு பூந்திக்கொட்டையை உடைத்துத் தண்ணீரில் போட்டேன். பொய் சொல்லமாட்டேன். பிள்ளையின் முகம் கண்ணுக்குள் நின்றது. அவள் புருஷன் வீட்டாரும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். கல்லில் பெடாக் பொருக்காகக் காய்ந்து, அதில் உங்கள் கழுத்து வேர்வை மஞ்சளாக ஊறியிருந்தது. பக்கத்தில் நுரை தயாராக இருந்தது. என் விரல் தானாக நீண்டது. அரை நிமிஷ வேலை. கல்லைத் தொடாமல், நுரையைச் சட்டியோடு தூக்கிச் சாக்கடையில் கொட்டினேன்.

திருவிழாவன்று ரயிலில் ரெங்கம் போய் இறங்கினேன். ரப்பர் விலை விழுந்து பாதிப் பேரை ஊருக்கே கப்பலேற்றிவிட்டார்கள். லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மிச்சமிருந்தவர்கள் கோயிலில் இருந்தார்கள். கல்லுக்காரி வந்திருக்கிறாள் என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. அம்மன் கழுத்தில் பதக்கம், நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு. பித்தளைத் தட்டில் கைக்குட்டையை விரித்துக் கல்லை வைத்தேன். பூசாரி செம்புத் தண்ணீரை எடுத்து மேலே ஊற்ற வந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கழுவாதீங்க! முதல்ல எல்லாரும் மோந்து பாருங்க.”

தட்டு கைக்குக் கை மாறிப் போனது. சிலர் மோந்துவிட்டு மூக்கைச் சுளித்தார்கள். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருதாயிக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. மூக்கருகே தட்டை வைத்து வெகுநேரம் இருந்தாள். காதில் இன்னும் ஈர்க்குச்சிதான். மெல்ல நிமிர்ந்து கேட்டாள்.

“ஏண்டியம்மா, அம்மன் எப்பயிருந்து பெடாக் பூசுறா?”

யாரும் சிரிக்கவில்லை. அவள் விரல் கைக்குட்டையைத் தடவிக்கொண்டே போய்க் கிளியின் வாலில் நின்றது. “அடிப்பாவி… இது பெரிய கிராணியம்மா தையலு.” அதற்குமேல் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். உங்கள் பெயரை என்ன என்ன சொல்லித் திட்டினார்கள் என்று எழுதினால் தாள் கூசும். நான் ஒவ்வொரு வார்த்தையையும் நின்று கேட்டேன். பதின்மூன்று வருஷப் பசி அது.

தூணோரம் செல்லம் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அவளிடம் போய்க் கையைப் பிடித்தேன். உதறினாள். உங்களால் இரண்டு தடவை அந்தப் பிள்ளையை இழந்தேன். அதையும் உங்கள் பேரிலேயே எழுதிவைத்திருக்கிறேன்.

கல் அம்மனிடம் போய்விட்டது. பூசாரி கைக்குட்டையையும் கேட்டான், தண்ணீரில் அலசித் தருகிறேன் என்றான். கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வீட்டில் உள்ள பித்தளை, வெள்ளி, என் இரண்டு வளையல் எல்லாவற்றையும் கழுவுகிறேன். அழுக்கைக் கண்டால் கை இன்னும் சும்மா இருப்பதில்லை. இந்தக் கைக்குட்டையை மட்டும் கழுவுவதில்லை. மடித்து அதே டப்பாவில் வைத்து இறுக மூடுகிறேன். நான் செத்தால் என்னோடு சேர்த்து எரிக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே என் வீட்டுக்காரரை எங்காவது பார்த்தால், வாய்ப்பேச்சாகச் சொல்லப்போவதில்லை. மோந்து பாருங்கள் என்று நீட்டுவேன்.