ஊசி வரிசையில் எனக்கு முன்னால் நீ

கஃப்ர் ஷலபி
3 மார்ச் 2004

அன்புள்ள ஸனியா அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அலெக்ஸாண்ட்ரியாவில் நீயும் அத்தானும் நலம்தானே? எனக்கு வயிறு ஊதிவிட்டது, எட்டு மாதக் கர்ப்பிணி போல நடக்கிறேன். ஈரல் போய்விட்டதாம். சொந்தத்தில் யாராவது தன் ஈரலில் பாதி கொடுத்தால்தான் பிழைப்பேன் என்கிறார் டாக்டர். சித்தப்பா பிள்ளைகள் ஐந்து பேரும் ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். ஐவருக்கும் எனக்கிருக்கும் அதே சி வகை மஞ்சள்காமாலைக் கிருமி. ஒருவனுக்கும் இதுவரை தலைவலிகூட வந்ததில்லை.

"உங்க ஊர்ல நாலு பேர்ல ஒருத்தருக்கு இருக்குப்பா" என்றார் டாக்டர். "எங்க வீட்டுக்கு மட்டும் தாராளமா குடுத்துட்டாங்க போல" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நீ பதினேழு வயதிலேயே ஊரைவிட்டுப் போனவள், உனக்கு இது இருக்காது. கேட்கவே நாக்கு கூசுகிறது. உப்பும் கூடாதாம், வசந்தப் பண்டிகைக்கு ஃபெஸீக் கருவாடு கிடையாது.

உன் பஸ்யூனி

அலெக்ஸாண்ட்ரியா
11 மார்ச் 2004

என் செல்லக் கழுதைக்கு,

என்னிடம் கேட்க உனக்கென்னடா கூச்சம்? பாதி என்ன, முழுசாகவே எடுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறேன்.

வாய்க்கால் தண்ணீரிலிருந்து உடம்பில் ஏறும் புழுவுக்குப் பள்ளிக்கூடத்தில் பில்ஹார்சியா ஊசி போட்டார்களே, ஞாபகமிருக்கா? வாய்க்கால் பாலத்தடியில் ஒளிந்த உன்னைக் காதைப் பிடித்து இழுத்து வந்தேன். அப்பா மாதிரி நீயும் ரத்தமாக ஒன்றுக்குப் போய்விடக் கூடாதே என்ற பயம். நீ அழாமலிருக்க நான் முதலில் கை நீட்டுவேன், அடுத்தது நீ. பன்னிரண்டு வாரம்! அப்படிக் காப்பாற்றிய உயிரை இப்போது விட்டுவிடுவேனா?

அக்கா ஸனியா

அலெக்ஸாண்ட்ரியா
22 மார்ச் 2004

பஸ்யூனி,

எனக்கும் இருக்கிறது. என் ஈரல் உனக்கு ஆகாது.

பரிசோதனைக்கூடத்துப் பெண் ஊர் பெயரைக் கேட்டதுமே, "பில்ஹார்சியா ஊசி போட்டீங்களாம்மா? ஒரே ஊசியா எல்லாருக்கும்?" என்றாள். "கொதிக்க வச்சுதான்மா போட்டாங்க" என்றேன். சொல்லும்போதே நமக்கு ஊசி போட்ட மஹ்ரூஸ் மாமா கண்முன் வந்தார். அறுபது பிள்ளைகள் நின்ற வரிசை. ஊசியைச் சட்டியில் ஒரு முக்கு முக்கி எடுப்பார், அவ்வளவுதான்.

என் கையிலிருந்து எடுத்ததைத்தானே உன் கையில் குத்தினார்? நீ ஓடினாய், நான்தான் பிடித்து வந்தேன். என்னை மன்னிக்காதே.

ஸனியா

கஃப்ர் ஷலபி
1 ஏப்ரல் 2004

அக்கா,

பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல இன்ஸாஃப் எழுதுகிறாள், நடுவில் மூக்கையும் சிந்திக்கொள்கிறாள். கட்டிய பாவத்துக்கு அவளுக்கு இந்த வேலையும்.

உனக்கு முன்னால் ஸக்கி நின்றான். அவனுக்கு முன்னால் ஐம்பது பேர். அத்தனை பேர் பாவத்தையும் நீ ஒருத்தியே வாரிக்கொள்வாயா? சின்ன வயதிலிருந்தே உனக்கு எல்லாவற்றிலும் பெரிய பங்கு வேண்டும்.

உனக்கு இன்னும் நேரமிருக்கிறதாம், வைத்தியத்தைத் தள்ளிப் போடாதே. எனக்கு இனி பத்தியம் இல்லை, எதை வேண்டுமானாலும் சாப்பிடச் சொல்லிவிட்டார் டாக்டர். பண்டிகைக்குக் காத்திருக்காமல் ஃபெஸீக் வாங்கிக்கொண்டு உடனே புறப்படு.

பாலத்தடியில் தேட வேண்டாம். இந்தத் தடவை நான் ஒளியவில்லை, வீட்டில்தான் படுத்திருக்கிறேன்.

உன் பஸ்யூனி