படகு ஏறாத மெட்டு

சேச்சி,

இன்று காலை காலர் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிளிப்பின் இடுக்கில் ஒரு கரிமீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. வேறு யார் வேலையாக இருக்கும்? மாட்டிய மைக்கை மறந்துவிட்டு மீன் கழுவப் போன இசையமைப்பாளர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

உங்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வந்தபோது, நீங்கள் மெட்டுப் போடுவதை எப்படியும் படம்பிடித்துவிடலாம் என்று நம்பினேன். சுக்குக் கிடங்குக்கு மேலிருந்த உங்கள் அறையில், ஆர்மோனியத்துக்கு எதிரே காமிராவை நிறுத்திவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தேன். தென்காசியிலிருந்து துறைமுக வேலைக்கு வந்த அப்பாவைப் பற்றிப் பேசினீர்கள். நாடகங்களுக்குப் போட்ட பாட்டுகளைப் பாடிக் காட்டினீர்கள். சாயா போட்டுக் கொடுத்தீர்கள். புது மெட்டு மட்டும் வரவே இல்லை.

அந்த வேலை படகில் நடக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. மனதில் ஒன்று தோன்றினால் எழுதவும் மாட்டீர்கள், பதிவு செய்யவும் மாட்டீர்கள். படகு ஜெட்டிக்கு நடந்து, எறணாகுளம் படகில் ஏறி, அக்கரையில் காய்கறி வாங்கிக்கொண்டு, கண்டவர்களோடெல்லாம் கதை பேசிவிட்டுத் திரும்புவீர்கள். இறங்கும்போது நினைவில் இருந்தால் அது பாட்டு. இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவீர்கள். எத்தனை நல்ல மெட்டுகளைத் தண்ணீரில் விட்டீர்களோ என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மீன் கழுவிய அன்று நான் மேலே ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே நீங்கள் மெல்லப் பாடுவது கேட்டது. மெட்டு ஏறியது, ஓரிடத்தில் தயங்கியது, நின்றுவிட்டது. உங்கள் மெட்டுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பதிவாகிவிட்டது என்று சமையலறைக்கு ஓடிவந்து சொன்னேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னீர்கள்:

"அது இன்னும் ஆகல்லே மோளே. போட்ல ஏறாதது. நீ அத அழிச்சிரு."

படப்பிடிப்பு முடிந்ததும் அழிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம் படகு ஏறுவதாகச் சொன்னீர்கள். அதற்குள் நெஞ்சுவலி வந்து எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

படத்தொகுப்பு நடந்த அறையில் உங்கள் தம்பி அதைக் கேட்டு அழுதார். "சேச்சியோட கடைசிப் பாட்டாக்கும் இது. இது இல்லாம என்ன படம்?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. படம் அதில்தான் முடிய வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது.

ஒரு முடிவுக்கு வர முடியாமல், ஒரு நாள் காலை நானே படகில் ஏறினேன். அக்கரையில் பயறு வாங்கினேன், டிக்கெட் கொடுக்கும் சேட்டனோடு மழையைப் பற்றிப் பேசினேன். வெலிங்டன் தீவைத் தாண்டித் திரும்பி இறங்கியபோது மெட்டு ஒரு சுரமும் பிசகாமல் என்னிடம் இருந்தது. உங்கள் கணக்குப்படி அது பாட்டாகிவிட்டது, இனி தாராளமாகப் படத்தில் வைக்கலாம் என்று சந்தோஷமாக நடந்தேன். வீட்டு வாசல் வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு ஏறியவள் நான். ஏறியிருக்க வேண்டியவர் நீங்கள்.

அன்றே அழித்தேன். தம்பியிடம் சொன்னபோது சாயா குடிக்கக் கூப்பிட்டார். நீங்கள் ஜெட்டிக்கு நடந்து போவதோடு படம் முடிகிறது.

என்னிடமிருந்து அதை அழிக்கத்தான் வழி தெரியவில்லை, சேச்சி. பாத்திரம் தேய்க்கும்போது தானாக வாயில் வருகிறது. நீங்கள் தயங்கிய இடம் வந்ததும் நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த சுரம் எதுவென்று எனக்குத் தெரியும் போலத்தான் இருக்கிறது. பாடிப் பார்த்ததில்லை.