கழுவிய கற்கள்

ஏங்க,

நீங்க எழுந்திருக்கும்போது நான் அக்கா வீட்டுல இருப்பேன். போன் பண்ண வேண்டாம். இதைப் படிச்சாப் போதும்.

கோடு போட்ட மீன் செத்துப்போச்சு. இன்னொண்ணைப் புது உப்புத்தண்ணி கலந்து நீல வாளியில விட்டிருக்கேன். காத்து மோட்டாரை நிறுத்தாதீங்க.

நான் வெளியூர் போயிருந்தப்ப பெரிய தொட்டி வாங்கி அசத்தணும்னு நினைச்சீங்க, புரியுது. ஆனா பழைய தொட்டிக் கல்லையெல்லாம் எதுக்குங்க குழாய்த்தண்ணியில தேய்ச்சுக் கழுவினீங்க? மீனோட கழிவைத் தின்னுற கிருமி அந்த வழவழப்புலதான் இருந்துச்சு. ரெண்டு வருஷமா நான் வளர்த்தது. இப்பத் தொட்டி பூரா அமோனியா விஷம். கேட்டா "அழுக்கா இருந்துச்சு"ங்கிறீங்க. குளிக்கப் போய்ச் சேத்தைப் பூசிக்கிட்ட கதை.

சோதனைக் குப்பியில தண்ணி பச்சையாக் காட்டினா அமோனியா இன்னும் இருக்குன்னு அர்த்தம், பெரிய தொட்டியில மீனை விடாதீங்க. அது மஞ்சளா மாறி அப்படியே நிக்கணும். ஒரு மாசம்கூட ஆகலாம். மட்டம் குறைஞ்சா உப்புத்தண்ணி ஊத்தாதீங்க, நல்ல தண்ணி மட்டும். ஆவியாப் போறது தண்ணிதான், உப்பு எங்கேயும் போகாது.

ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டுல சோறும் குழம்பும் இருக்கு. மேல இருக்கிற டப்பா மீனுக்கு. மாத்திச் சாப்பிட்டுடாதீங்க.

சாவி ஷூ அலமாரி மேல.

இன்னொண்ணு. இந்தப் பெரிய வீட்டுக்கும் என்னைக் கேக்காமத்தான் கூட்டிட்டு வந்தீங்க. என் வேலை, பழகின அக்கம்பக்கம் எல்லாம் போச்சுன்னு அழுதப்ப, "இவ்வளவு இடம் இருக்கே, அப்புறம் என்ன?"ன்னு கேட்டீங்க.

செத்த மீனுக்கும் இடம் நிறையத்தான் இருந்துச்சு.